வறண்ட கரையின் இருபுறமும்: சேதுவும் குளிர்மலைக் குரங்குகளும்

வருசநாட்டு மலைகளில் தோன்றித் தேனி, மதுரை, சிவகங்கை வழியாக இறங்கி, வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பி, நீர் எஞ்சும் ஆண்டுகளில் மட்டும் ராமநாதபுரம் மாவட்டத்து ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையைத் தொடும் வைகை, சுமார் 258 கிலோமீட்டர் நீளமே உடைய ஆறு. தென்னிந்தியக் குரங்கினங்கள் வாழும் சூழல்களின் இரண்டு எல்லைகளும் அந்தச் சிறிய தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆற்றின் தலைப்பகுதியான மேகமலை, வருசநாட்டுக் காடுகளில், மேகம் தவழும் மலைமுகடுகளை ஒட்டி, கருமந்தியும் சிங்கவால் குரங்கும் வாழ்கின்றன. பனையும் உடைமரமும் சீமைக் கருவேலமும் நிற்கும் கடைப்பகுதியோ நாட்டுக் குரங்குக்கு உரிய வெப்பச் சமவெளி. கடலுக்கு அப்பால் மன்னாரில் தொடங்கும் இலங்கையின் வறண்ட சமவெளி இதே தோற்றம் உடையது. அதைத் தாண்டித் தெற்கே சென்றால் நுவரெலியா, ஹக்கலை, ஹோட்டன் சமவெளி எனக் குளிர்ந்த மலைநாடு மறுபடியும் எழுகிறது. அங்கும் அடர்ந்த மயிர் போர்த்த குரங்குகள் வாழ்கின்றன.

இரு குளிர்மலைகளுக்கு நடுவே ஒரு வறண்ட நிலமும் ஆழமற்ற ஒரு கடலும் கிடப்பதே இப்பகுதியின் புவியியல். வானரப் படை இக்கரையிலிருந்து இலங்கைக்குச் சேது கட்டிக் கடந்தது என்பது ராமேசுவரத்துக்கு வரும் ஒவ்வொரு யாத்திரிகரும் அறிந்த கதை. உயிரியலார் எழுப்பும் வினா அதனின் வேறானது: இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்த நெடுங்காலத்தில் எந்தக் குரங்கினங்கள் இவ்வழியே கடந்தன, எவை கடக்கவில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்மலைக் குரங்கும் இலங்கை மலைநாட்டின் குளிர்மலைக் குரங்கும் ஏன் ஒரே இனமாக இல்லை என்பதே அவ்வினா. இதற்கான விடை, குளிரில் வாழும் குரங்குக்கு உண்மையில் எது தேவை என்பதையும் தெளிவாக்குகிறது.

கடல் விலகியிருந்த காலம்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்திட்டுகளும் சுண்ணாம்புப் பாறைகளும் சேது எனப்படும் தொடராகக் கிடக்கின்றன. வடக்கே பாக் நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே அமைந்த இத்தொடரைச் சுற்றிலும் கடலின் ஆழம் மிகக் குறைவு. பாம்பன் தீவின் கரையில் இன்றைய கடல்மட்டத்துக்கு மேலே தெரியும் பழைய பவளப்பாறைப் படிவுகள், கடல்மட்டம் நிலையானதன்று என்பதற்குக் கண்ணெதிரே நிற்கும் சான்று.

பூமியின் கடந்த சில இலட்சம் ஆண்டு வரலாற்றில் பனியூழிகள் திரும்பத் திரும்ப வந்துள்ளன. பனியூழி என்பது துருவப் பகுதிகளில் பெருமளவு நீர் பனியாக உறைந்து நிலத்தின்மீது தங்கிவிடும் காலம். அப்போது கடலில் நீர் குறைகிறது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. ஆகவே அன்று வெளிப்பட்டது குறுகியதொரு மணல்வரி மட்டுமன்று. ராமநாதபுரம், புதுக்கோட்டைக் கரைகளையும் யாழ்ப்பாணம், மன்னார் கரைகளையும் ஒன்றாக்கிய அகன்ற சமவெளி அது. பனி உருகிக் கடல் உயர்ந்து இலங்கை கடைசியாகத் தீவானது, கடந்த சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த செய்தி. உயிரினப் பரிணாமத்தின் கணக்கில் இது மிகக் குறுகிய காலம். நிலம் இணைந்திருந்ததே போதுமானதாக இருந்திருப்பின், இரு கரைகளின் குரங்குகளும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை என்பதுதான் ஆராய்ச்சிக்குரிய நிலை.

கரையின் குரங்கு

தமிழகச் சமவெளிகளின் கோயில் வளாகங்களிலும் சாலையோர ஆலமரங்களிலும் காணப்படும் நாட்டுக் குரங்கு மக்காக் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இப்பேரினத்துக் குரங்குகளுக்குக் கன்னத்தின் உட்புறம் பை உண்டு. கிடைத்த உணவை அவசரமாக அதில் அடக்கிக்கொண்டு, பாதுகாப்பான கிளைக்குச் சென்றபின் மெல்ல எடுத்து உண்பது அவற்றின் வழக்கம். உச்சந்தலை மயிர் நடுவிலிருந்து சுழிபோல் நாற்புறமும் விரிந்து குல்லாய் வைத்தது போன்ற தோற்றம் தருவதும், வால் ஏறத்தாழ உடலளவோ அதற்கு மேலோ நீண்டிருப்பதும் நாட்டுக் குரங்கின் அடையாளங்கள். கிருஷ்ணா, தபதி ஆறுகளை ஒட்டிய பகுதிக்குத் தெற்கே, தீபகற்ப இந்தியாவில் மட்டுமே இது வாழ்கிறது. ஆண் குரங்கு சராசரியாக ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் பெண் குரங்கு நான்கு கிலோ அளவிலும் இருக்கும்.

பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாள் முழுதும் தங்குவதும், பருவமடைந்த ஆண்கள் வேறு கூட்டங்களுக்குப் பெயர்வதும் மக்காக் இனங்களின் பொதுவியல்பு. ஆனால் நாட்டுக் குரங்கின் ஆண்கள், பிற மக்காக் இனங்களின் ஆண்களோடு ஒப்பிடத் தம்மிடையே இணக்கம் மிகுந்தவை. ஒன்றையொன்று பேன் பார்ப்பதும் நெருங்கி அமர்வதும் அவற்றிடம் இயல்பாகக் காணப்படுகின்றன. கருப்பக்காலம் ஏறத்தாழ ஐந்தரை மாதம். ஒரு முறைக்கு ஒரு குட்டி. பழம், விதை, இளந்தளிர், பூச்சி, மனிதர் இடும் உணவு என எதையும் உண்ணும் இயல்பினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழையே பெறும் ராமநாதபுரம் போன்ற நிலத்திலும் அது பிழைத்துக்கொள்கிறது. அம்மழையின் பெரும்பகுதியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்துவிடுவதால், எஞ்சிய மாதங்களில் கண்மாய்க்கரை மரங்களும் கோயில் குளங்களும் குடியிருப்புகளுமே குரங்குக்கும் புகலிடம்.

நீரிணைக்கு அப்பால் நாட்டுக் குரங்கு இல்லை. அதன் மிக நெருங்கிய உறவான செங்குரங்கு உள்ளது. சிங்களத்தில் ரிலவா எனப்படும் இது இலங்கைக்கே உரியது; மக்காக் பேரினத்தில் உடலளவால் மிகச் சிறியது. வறண்ட பகுதிச் செங்குரங்குகளைப் பொலன்னறுவையின் பழைய நகர இடிபாடுகளிடையே 1968 முதல் உல்ஃப்கேங் டிட்டஸ் என்னும் ஆய்வாளர் தொடர்ந்து ஆராய்ந்துவந்துள்ளார். பிறக்கும் பெண் குட்டிகளில் சுமார் 85 விழுக்காடும் ஆண் குட்டிகளில் சுமார் 90 விழுக்காடும் முழு வளர்ச்சி அடைவதற்கு முன்பே இறந்துவிடுகின்றன என்றும், கூட்டத்துக்குள் உயர்ந்த நிலையில் உள்ளவை இளையவற்றை உணவிலிருந்து விலக்குவதே அதற்குப் பெருங்காரணம் என்றும் அவர் கண்டறிந்தது, குரங்குகளின் மக்கள்தொகை பற்றிய ஆய்வில் அடிப்படையான முடிவாகக் கருதப்படுகிறது. அவர் ஆராய்ந்த காட்டின் முதன்மையான மரங்களான பாலையும் வீரையும் தமிழகத்தின் கிழக்குக் கரையை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காடுகளிலும் வளர்பவை என்பது, இரு கரைகளும் தாவரத்தால் எத்துணை நெருங்கியவை என்பதைக் காட்டும்.

வறண்ட நிலத்தின் மற்றொரு குரங்கான சாம்பல் மந்திகளுள் ஒன்று, தென்னிந்தியாவின் தென்கிழக்குக் காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் ஒரே இனமாகவே காணப்படுகிறது. வறட்சியைத் தாங்கும் இனத்துக்குச் சேதுவின் வழி திறந்தே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலையின் கருமந்தி

மந்திகள் என்று இங்கே குறிக்கப்படுபவை இலையுண்ணும் குரங்குகள். அவற்றுக்குக் கன்னப்பை இல்லை. மாறாக, பல அறைகளாகப் பிரிந்த பெரிய இரைப்பை உண்டு. மாட்டின் வயிற்றில் நிகழ்வது போலவே, அந்த அறைகளில் வாழும் நுண்ணுயிரிகள் இலையின் நார்ப்பொருளைப் புளிக்கவைத்துச் சிதைத்து, மந்தி தன் உடலில் ஏற்றுக்கொள்ளக்கூடிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இந்தச் செரிமானம் மெதுவானது. ஆகவே மந்திகள் பகலின் பெரும்பகுதியை அமர்ந்தே கழிக்கின்றன. பழங்கள் அற்றுப்போகும் காலத்திலும் முற்றிய இலையைக் கொண்டு வாழ முடிவது இதன் பெரும்பயன். பழம் அரிதாகும் உயரமான மலைக்காடுகளில் மந்தியினங்கள் நிலைத்திருப்பதற்கு இவ்வயிறே முதற்காரணம்.

நீலகிரி மந்தி என்றும் அழைக்கப்படும் கருமந்தி, குடகு தொடங்கி நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, மேகமலை வழியாகக் களக்காடு முண்டந்துறைக்குத் தெற்கே வரையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. மினுமினுக்கும் கரிய உடலும், தலையைச் சுற்றிப் பிடரிபோல் நிற்கும் பழுப்பு மஞ்சள் மயிரும் அதன் தோற்றம். பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும் குட்டி இரண்டரை மாத அளவில் கறுக்கத் தொடங்குகிறது. பெரும்பாலும் ஓர் ஆணும் சில பெண்களும் குட்டிகளுமாகப் பத்துக்கு உட்பட்ட சிறு கூட்டங்களாக வாழ்கின்றன. அதிகாலையில் ஆண் மந்தி எழுப்பும் ஆழ்ந்த கூவல் பள்ளத்தாக்குகளைத் தாண்டிக் கேட்கக்கூடியது. பிற கூட்டங்களுக்கு எல்லையை அறிவிப்பது அதன் பயன். 1960களின் நடுவில் ஃபிராங்க் பொய்ரியர் என்னும் அமெரிக்க மானிடவியலார் நீலகிரியில் இவற்றை ஆராய்ந்தபோது, சோலைமரங்களுக்கு மாற்றாக நடப்பட்ட அயல்நாட்டுச் சீகை மரத்தின் இலைகளையும் அவை உண்ணப் பழகியிருந்ததைப் பதிவுசெய்தார்.

உதகை, அவலாஞ்சி போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலையைத் தொடுவதும், விடியலில் புல்வெளியின்மீது உறைபனி வெண்மையாகப் படிவதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. அத்தகைய காலைகளில் கருமந்திகள் மர உச்சிகளில் ஏறி வெயில் காய்ந்தபின்பே உணவு தேடத் தொடங்குகின்றன. ஆயினும் வெப்பமண்டல மலைக் குளிருக்கும் வடநாட்டுக் குளிருக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறைகிறது. ராமேசுவரக் கரையின் ஆண்டுச் சராசரி 28 பாகை என்றால், இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் அது 16 பாகை அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அந்தக் குளிர் இரவுக்கு உரியது, பருவத்துக்கு உரியதன்று. இலையுதிர்ந்து காடு மொட்டையாகும் பல மாதக் கடுங்காலம் நீலகிரியில் இல்லை. உறைபனி படிந்த இரவுக்கு மறுநாளும் சோலையில் பச்சை இலை உண்டு. எனவே உடற்சூட்டைக் காப்பது மட்டுமே தென்னாட்டு மலைக்குரங்கு எதிர்கொள்ளும் சிக்கல். பட்டினியைக் கடப்பதும் அதனோடு சேர்ந்ததே வடநாட்டுக் குரங்கின் சிக்கல்.

இலங்கை மலைநாட்டின் இரு குரங்குகள்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகை. அதற்கும் மேலாக, 2,100 மீட்டருக்கு மேல் அமைந்த ஹோட்டன் சமவெளியில் ஆண்டின் முதல் மாதங்களில் தரையில் உறைபனி படிவதுண்டு. இக்காடுகளில் இரண்டு குரங்கினங்கள் வாழ்கின்றன. ஒன்று, செங்குரங்கின் மலைநாட்டுத் துணையினம். துணையினம் என்பது, ஒரே இனத்துக்குள், குறிப்பிட்டதொரு நிலப்பகுதியில் தனிப்பட்ட உடற்கூறுகளோடு நிலைபெற்ற பிரிவு. செங்குரங்குக்கு வறண்ட பகுதி, தென்மேற்கு ஈரச் சமவெளி, மத்திய மலைநாடு என நிலத்துக்கேற்ற மூன்று துணையினங்கள் உள்ளன. அவற்றுள் மலைநாட்டினது நீண்டு அடர்ந்த மயிரை உடையது.

இரண்டாவது, இலங்கைக்கே உரிய ஊதாமுக மந்தியின் மலைநாட்டுத் துணையினம். இம்மந்தியும் தீவின் வடக்கு, மேற்கு, தெற்கு, மத்திய மலை எனப் பகுதிக்கொன்றாகப் பிரிந்துள்ளது. மலையில் வாழும் பிரிவின் மயிர் எல்லாவற்றினும் நீண்டு, புசுபுசுவெனத் தடித்திருப்பதால், குடியேற்றக் கால ஆங்கிலேயர் அதற்குக் கரடிக் குரங்கு என்று பெயரிட்டனர். கரிய முகத்தைச் சுற்றி வெண்தாடியும், சமவெளி உறவினங்களைவிடப் பருத்த உடலும் அதற்கு உண்டு. குளிரில் வாழும் உடலுக்கு வேண்டியவை இவையே: உடலை ஒட்டிய காற்றை அசையாமல் பிடித்துவைக்கும் தடித்த மயிர், கொள்ளளவோடு ஒப்பிடத் தோற்பரப்பைக் குறைக்கும் பருத்த உடல்.

நீலகிரியின் கருமந்தியும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் தோற்றத்தாலும் பழக்கத்தாலும் ஒத்திருந்தமையால், நெடுங்காலம் அவை இரண்டும் தென்கிழக்கு ஆசியாவின் இலைமந்திகளோடு ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரவீண் கரந்தும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, அவ்விரண்டும் தென்கிழக்கு ஆசியக் கிளையைச் சேர்ந்தவை அல்ல, இந்தியச் சமவெளியின் சாம்பல் மந்திகளின் கிளையையே சேர்ந்தவை என்று காட்டியது. ஆகவே மலைக்குரங்குகளின் உறவைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு கரையின் மலைக்குரங்கும் இத்துணைக்கண்டத்துச் சமவெளிக் குரங்குகளின் உறவே.

வாலும் எடையும்

வெப்பக் குருதி விலங்குகளில், ஒரே உறவுத் தொகுதிக்குள், குளிர்நிலங்களில் வாழ்பவை உடலால் பெரியவையாக இருக்கும் என்பது பெர்க்மன் விதி. வால், காது, கால் போன்ற நீட்சிகள் குளிர்நிலங்களில் குறுகும் என்பது ஆலன் விதி. இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுக்கப்பட்டவை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: உடலின் சூடு தோற்பரப்பின் வழியே வெளியேறுகிறது, பருத்த உடலில் கொள்ளளவுக்குத் தோற்பரப்பு குறைவு, நீண்ட வாலில் அது மிகுதி.

இவ்விதிகளைச் சோதிக்க நாட்டுக் குரங்கு சார்ந்த தொகுதியைவிடப் பொருத்தமான சான்று ஆசியக் குரங்குகளிடையே அரிது. அத்தொகுதியின் தென்முனையில், உடலைவிட நீண்ட வாலோடு, ஆணின் எடை ஆறு கிலோவுக்கும் குறைவான செங்குரங்கு நிற்கிறது. அடுத்தது நாட்டுக் குரங்கு. வடகிழக்கே இமயமலை அடிவாரத்தில் வாழும் அசாம் குரங்கின் ஆண் பதினோரு கிலோவை எட்டும். வால் உடலில் பாதியளவே. அருணாசலப் பிரதேசத்தின் தவாங், மேற்குக் காமெங் மாவட்டங்களில் 2,000 முதல் 3,500 மீட்டர் உயரத்தில் வாழும் அருணாசலக் குரங்கு, அனிந்திய சின்ஹா, அபராஜிதா தத்தா, எம்.டி. மதுசூதன், சாருதத் மிஸ்ரா ஆகியோரால் 2005இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. தொகுதியின் மறுமுனையில், சீனாவின் எமெய் மலை, ஹுவாங்ஷான் மலை ஆகியவற்றின் பனிபடியும் காடுகளில், மக்காக் பேரினத்திலேயே பெரியதான திபெத்தியக் குரங்கு வாழ்கிறது. அதன் ஆண் செங்குரங்கின் ஆணைவிட இரண்டரை மடங்குக்கு மேல் எடை உடையது. வால் வெறும் கட்டையாகக் குறுகிவிட்டது. ராமேசுவரத்து ஆலமரத்தில் அமர்ந்திருக்கும் நாட்டுக் குரங்கும் எமெய் மலையின் பனியில் நடக்கும் பெருங்குரங்கும் ஒரே முன்னோரின் வழிவந்தவை.

வால் குறுகுவதற்குக் குளிர் ஒன்றே காரணம் என்று கொள்வதும் பொருந்தாது. தென்கிழக்கு ஆசியாவின் வெப்பக் காடுகளில் வாழும் குட்டைவால் குரங்குக்கும் வால் கட்டையே. பெரிதும் தரையில் நடமாடும் இனத்துக்கு, கிளைவிட்டுக் கிளை தாவுகையில் உடலை நிலைநிறுத்தும் நீண்ட வாலின் தேவை குறைகிறது. குளிர்நிலக் குரங்குகளும் தரையில் மிகுதியாக நடமாடுபவை என்பதால், இரு காரணங்களையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எளிதன்று.

இத்தொகுதிக்கு வெளியே, மனிதன் நீங்கலான முதனிகளில், அதாவது குரங்கு, வாலில்லாக் குரங்கு, தேவாங்கு முதலியவை அடங்கிய வரிசையில், உலகின் வடகோடியில் வாழ்வது ஜப்பானியப் பனிக்குரங்கு. ஹொன்ஷு தீவின் வடமுனையான ஷிமோகிதா தீபகற்பத்தில், வட அகலக்கோடு 41 பாகைக்கும் மேலே, அது பனிக்காலத்தைக் கழிக்கிறது. இலையுதிர்காலத்தில் கொட்டைகளை உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பனிக்காலம் முழுதும் மரப்பட்டையையும் குளிர்கால மொட்டுகளையும் தின்று, ஒன்றையொன்று கட்டியணைத்துக் குவியலாக அமர்ந்து பிழைக்கிறது. இலையுதிர்காலத்தில் புணர்ந்து இளவேனிலில் ஈனுவதால், குட்டிகள் உணவு மிகுந்த மாதங்களில் வளர்கின்றன. நாகானோ பகுதியின் ஜிகோகுதானியில் 1963இல் ஓர் இளம் பெண் குரங்கு வெந்நீர்க் குளத்தில் இறங்கியதிலிருந்து பரவிய குளியற் பழக்கம் உலகறிந்தது. அங்கு 12 பெண் குரங்குகளின் கழிவைச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வு, வெந்நீரில் அமரும் வாரங்களில் உடலின் நெருக்கடிச் சுரப்புகள் குறைவதைக் காட்டியது. தென்னாட்டு மலைக்குரங்குகளிடம் இத்தகைய கடுமையான பருவ ஒழுங்கு வேண்டப்படவில்லை. மயிரும் வயிறும் காலை வெயிலும் அவற்றுக்குப் போதுமாயின.

திறந்திருந்த வழி

இனி முதல் வினாவுக்குத் திரும்பலாம். கருமந்தி கடற்கரைச் சமவெளியின் வெப்பத்தைத் தாங்காது என்பதால்தான் கடக்கவில்லை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரம் மிகுந்த சரிவுகளில், 300 மீட்டர் உயரம் வரை கீழிறங்கி, குளிரே இல்லாத வெப்பக் காடுகளிலும் கருமந்தி வாழ்கிறது. இலங்கையிலும் ஊதாமுக மந்தியின் மேற்குத் துணையினம் கொழும்பைச் சூழ்ந்த வெக்கையான சமவெளியின் இனம். ஆகவே இவற்றைக் குளிர்நிலக் குரங்குகள் என்பதைவிடக் குளிரைத் தாங்கவல்ல ஈரக்காட்டுக் குரங்குகள் என்பதே பொருத்தம். மரத்திலிருந்து இறங்காமலே செல்லக்கூடியபடி தொடர்ந்த மேல்விதானமும், ஆண்டு முழுதும் இலை தரும் ஈரமும் அவற்றின் உண்மையான தேவைகள். கருமந்தியைச் சேது வழியே செல்லவிடாமல் தடுத்தது ராமநாதபுரத்தின் வெப்பமன்று, வறட்சியே. நீலகிரியின் அவலாஞ்சி 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் பெற்ற மழை, ராமநாதபுரம் ஓராண்டு முழுவதும் பெறும் மழைக்கு நிகரானது என்னும் செய்தி இவ்விரு நிலங்களின் இடைவெளியை அளந்து காட்டும்.

கடல் விலகிய பனியூழியில் இக்கரை ஈரமாக இருந்திருக்கலாகாதா என்னும் ஐயத்துக்கும் சான்றுகள் விடை தருகின்றன. நீலகிரியின் சதுப்புக் கரிப்படிவுகளில் உள்ள கரிமத்தின் வகைகளை ஆராய்ந்து, ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை, கடைசிப் பனியூழியின் உச்சத்தில் அம்மலைகளில் வறட்சி மிகுந்து புல்வெளிகள் விரிந்திருந்தன என்றும், பிற்பாடு சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென்மேற்குப் பருவமழை வலுத்தபோது ஈரம் மிகுந்தது என்றும் காட்டியது. ஹோட்டன் சமவெளியின் சதுப்புப் படிவுகளும் பனியூழிக் காலத்தின் வறட்சியையே உணர்த்துகின்றன. கடல் தாழ்ந்ததும் பருவமழை மெலிந்ததும் ஒரே காரணத்தின் விளைவுகளாதலால், அவை ஒன்றாகவே நிகழ்ந்தன. நிலவழி திறந்திருந்த காலத்தில் அது வறண்ட வழியாக இருந்தது; ஈரம் திரும்பியபோது வழியைக் கடல் மூடிவிட்டது.

குரங்குகளுக்கு மட்டுமன்றிப் பிற உயிர்களுக்கும் இது பொருந்துகிறது. ஃபிராங்கி போசுய்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை ஆகியவற்றின் மரத்தவளைகள், கேடயவால் பாம்புகள், நன்னீர் மீன்கள், நண்டுகள் முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு, கடந்த சில இலட்சம் ஆண்டுகளில் நிலவழி பலமுறை திறந்தும் ஈரக்காட்டு உயிர்கள் இரு பகுதிகளிலும் பெரிதும் தனித்தனியாகவே பரிணமித்தன என்று நிறுவினர். நீலகிரியின் வரையாடும் சிங்கவால் குரங்கும் இலங்கையில் இல்லாமையும் இவ்வுண்மையின் பகுதியே. பழங்காலத்தில் அரிதாகக் கடந்து சென்ற முன்னோரின் வழித்தோன்றல்கள், இலங்கையின் சமவெளியிலிருந்து தம் சொந்த மலையில் ஏறி, அங்கேயே அடர்ந்த மயிரைப் பெற்றன. நீலகிரியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. ஒரே தேவைக்கு இரு மலைகளிலும் ஏறத்தாழ ஒரே விடை தனித்தனியாக அமைந்தது.

இன்றைய நிலை

கருமந்தி இன்று அழிவாய்ப்புள்ள இனமாகவும், செங்குரங்கும் ஊதாமுக மந்தியும் அதனினும் கடுமையான நிலையில் அருகிவரும் இனங்களாகவும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் உள்ளன. கருங்குரங்கு லேகியம் எனப்படும் மருந்துக்காகக் கருமந்தி நெடுங்காலம் வேட்டையாடப்பட்டது. சட்டப் பாதுகாப்பினால் அவ்வேட்டை பெரிதும் குறைந்துவிட்டபோதிலும், தேயிலை, சீகை, யூகலிப்டஸ் தோட்டங்களால் சோலைகள் துண்டுபட்ட இழப்பு ஈடுசெய்யப்படவில்லை. ஹோட்டன் சமவெளியில் சில பத்தாண்டுகளாக மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது இலங்கை அறிவியலாளரின் கவலைக்குரிய நிகழ்வாக உள்ளது.

எங்கும் காணப்படுவதால் பாதுகாப்பானது என்று கருதப்பட்ட நாட்டுக் குரங்கும் இப்போது அழிவாய்ப்புள்ள பட்டியலில் சேர்ந்துவிட்டது. மைசூரைச் சூழ்ந்த பகுதிகளில் 25 ஆண்டு இடைவெளியில் அதன் எண்ணிக்கை 65 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சாலை விரிவாக்கத்தில் வெட்டப்பட்ட ஆலமரங்களும், ஊர்களிலிருந்து பிடித்து வேறிடங்களில் விடப்படும் வழக்கமும் அதன் காரணங்களுள் முதன்மையானவை. வடக்கிலிருந்து செம்முகக் குரங்கு என்னும் வடநாட்டு மக்காக் இனம் தெற்கு நோக்கிப் பரவி, நாட்டுக் குரங்கின் வடவெல்லையைச் சுருக்கியும் வருகிறது.

புவி வெப்பமடையும்போது மலைக்குரங்குகள் இன்னும் மேலே ஏறிக்கொள்ளும் என்னும் எதிர்பார்ப்புக்கு இவ்வரலாறு இடம் தரவில்லை. நீலகிரியின் மிக உயரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், இலங்கையின் மிக உயரமான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். அங்கெல்லாம் இவற்றுக்கு மேல் ஏறுவதற்கு இடம் இல்லை. அதைவிட முக்கியமானது, அக்குரங்குகள் இழக்க முடியாதது குளிரை அன்று, ஈரத்தையும் மரத்தொடர்ச்சியையும்தான் என்பது. எனவே பருவமழையின் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சோலைகளையும், ஒரு சோலையை அடுத்த சோலையோடு இணைக்கும் மரவரிகளையும் காப்பதே நீலகிரியிலும் நுவரெலியாவிலும் செய்ய வேண்டிய முதற்பணி. அந்தப் பணி வைகையின் கடைமடைக்கும் உரியது: மேகமலையின் சோலை காக்கப்பட்டால் கருமந்திக்கு இலை கிடைப்பதோடு, ராமநாதபுரத்துக் கண்மாய்க்கு வந்துசேரும் நீரும், அக்கண்மாய்க்கரை மரங்களை நம்பியிருக்கும் நாட்டுக் குரங்கின் வாழ்வும் காக்கப்படும்.